ஆருக்குப் பசி

தலை வலிக்கிறது, இன்றைக்கு வேலைக்கு வரமுடியாது என்று ஆபீஸ் சன்னலண்டை நின்று சொன்னால், எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் லீவு எழுதுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்பார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தாங்க ஐயா."

"அந்த 'எனக்கு' எண்டுறது ஆர்?"

நிற்கிற ஆள் விழிப்பான். அவர் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லீவு எழுதிவிடுவார். பதில் சொன்னாலும் லீவு, சொல்லாவிட்டாலும் லீவு. அதனால் அவர் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அவருக்கு 'ஆருக்குக் கிராணி' என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

அவருடைய உண்மைப் பெயரை நான் எழுதப் போவதில்லை. 'பேர் நான் இல்லை' என்று வருசக்கணக்காக என் காதில் விழச் சொன்ன மனிதர். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுசாக விளங்கியதே கிடையாது. இந்த ஒன்றையாவது காப்பாற்றி வைக்கிறேன்.

மலாக்காவில், பெம்பானுக்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. மற்றத் தோட்டத்துக் கிராணிமார் எங்களை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் 'நீர்' என்பார், என்னைப் 'பிள்ளை' என்பார். காட்டுக்காரர்கள், அதாவது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள், துரைமாரைச் சுட ஆரம்பித்ததும் மனைவி மக்களை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டுத் தனியாக இருந்தார். நான் காலையில் மரப்பட்டையைச் சீவி மரம் வெட்டி, பால் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் அவர் வீட்டைக் கூட்டித் துணி துவைத்துப் போட்டு வருவேன். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்தில் என் உளி பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் என்று எந்தக் கங்காணியும் எழுதியதில்லை, ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவைதான் இவ்வளவுக்கும் காரணம்.

அவர் வேலை முடிந்து வந்து சவரம் செய்யும்போது பேசுவார். முதல் தடவை கேட்டபோது உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், கண்ணாடியைப் பார்த்துக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கை நானோ? கையை வெட்டினாலும் நான் இருப்பன். அப்ப கை நானில்லை. இந்தத் தலை நானோ?" என்கிறார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "ஐயா, தலைய வெட்டிப் பாத்துராதீங்க!" என்று கத்தினேன். அவர் கன்னமெல்லாம் சோப்புநுரையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. வெட்டிப் பாக்கிறேல்லை. யோசிச்சுப் பாக்கிறன்."

"யோசிக்கிறப்ப கத்திய கீழ வச்சிடுங்க ஐயா."

அதற்குப் பிறகு கீழே வைத்துவிட்டுத்தான் யோசித்தார். என் பேச்சையும் கேட்கிற மனிதர்தான்.

ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து படுத்திருந்தார். "எப்படிங்க ஐயா இருக்கு?" என்றேன். போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: "காய்ச்சல் இருக்குது. காய்ச்சல் இருக்குது எண்டு பாத்துக்கொண்டு ஒண்டு இருக்குது. அதுக்குக் காய்ச்சலில்லை."

"அதுக்குக் கஞ்சி வேணுமாங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உம்மோடை வாதாட ஏலாது" என்றார். கஞ்சியைக் குடித்தார். குடித்தது எது என்று நான் கேட்கவில்லை.

இது பைத்தியமா, படிப்பா, பக்தியா என்று எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்கு வருவார், ஆனால் எதையும் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. இருபது வருசமாகத் தேடுகிறேன் என்று மட்டும் ஒருநாள் சொன்னார். எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டேன். "தொலைஞ்சதோ எண்டதே தெரியேல்லை" என்றார். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி எழுதுவார். முக்கால்வாசிப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

அப்புறம் வேலி வந்தது. லயங்களையெல்லாம் ஓரிடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். எல்லாருக்கும் படம் பிடித்து ஐசி என்கிற அடையாள அட்டை எடுத்தார்கள். அதற்கு விண்ணப்பப் பாரம் எழுதுகிற வேலை இவருக்கு. பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர், உடம்பில் என்ன அடையாளம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நூற்றுக்கணக்கான பேருக்கு எழுதி முடித்தவர், தன்னுடைய பாரத்தை மட்டும் பல நாள் மேசையில் வெறுமையாகவே வைத்திருந்தார். துரை வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுதினார்.

அந்தச் சமயத்தில் ஒரு கூத்து நடந்தது. தோட்டத்தில் கூட்டிப் பெருக்குகிற கிழவர் ஒருவர் ஆபீஸ் பக்கம் போக, இவர் ஏதோ நினைப்பில், "நீர் ஆர்?" என்று கேட்டுவிட்டார். கிழவர் மடியை அவிழ்த்து ஐசியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க சாமி."

இவர் அதை வாங்கிப் பார்த்தார். "இது படம். இது பேர். இதைக் கொண்டு வந்த நீர் ஆர்?"

தன் ஐசி கள்ள ஐசி என்று கிராணியாரே சொல்கிறார் என்று கிழவர் நினைத்துக்கொண்டார். போலீஸ் மாத்தாக்கள் இனித் தன்னைப் பிடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று தரையில் உட்கார்ந்து அழுதார். "நான்தாங்க அது, நான்தாங்க அது, படத்துல இருக்கறது நான்தாங்க!" என்கிறார். இவர் பதறிப்போய் வெளியே ஓடிவந்து, வெள்ளைக் கால்சட்டையோடு அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "ஓம் ஓம், நீர்தான், நீரேதான்" என்று முதுகைத் தடவினார். அன்று சாயங்காலம் துணி துவைக்கும்போது அந்த மண் போகவில்லை.

"இனி ஆரிட்டையும் கேக்கமாட்டன் பிள்ளை. கேட்டுக் கேட்டுச் சனத்தைப் பயப்பிடுத்திறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்" என்றார். அதோடு நிறுத்தினார். தன்னைக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வேலிக்குப் பிறகு சாப்பாட்டுக் கட்டுப்பாடு வந்தது. காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டுத் திறந்ததும் வரிசையில் நிற்போம். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். தலைத்துணி, இடுப்பு, வாளி எல்லாம் கைவிட்டுப் பார்ப்பாள். வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பாடு. மற்றவர்கள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பத்து மணி ஆனால் கண் இருட்டும்.

ஒருநாள் அப்படி இருட்டியபோது உளி வழுக்கிப் பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிட்டது. வெள்ளையாகப் பால் வழிந்து தண்டில் ஓடியது. கங்காணி பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னா தங்கச்சி, ஒன் உளியுமா வழுக்குது?" என்றார். பசியை நான் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அவித்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு துண்டை வாழையிலையில் மடித்து, காய்ந்த ஒட்டுப்பால் போடுகிற கந்தைச் சாக்குக்கு அடியில் வாளியில் வைத்தேன். சோதிக்கிறவள் அந்த நாறுகிற சாக்குக்குள் கைவிட மாட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு வெள்ளைக்கார ஒப்பீசரும் வந்து நின்றிருந்தார். அதனால் கைவிட்டுப் பார்த்துவிட்டாள்.

இலையை விரித்துக் காட்டினார்கள். என் புருசன் அடுத்த வரிசையில் நின்றார். ஒரு மாத்தா துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவரைத் தடுத்தான். பெரட்டுக்குப் பேர் கூப்பிட நோட்டோடு வந்திருந்த கிராணியாரை ஒப்பீசர் விரலைக் காட்டிக் கூப்பிட்டார். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஒப்பீசருக்குத் தமிழ் தெரியாது. இவர்தான் நடுவில்.

"இது ஆருக்கு எண்டு கேக்கிறார்" என்றார் என்னிடம். வழக்கமாகக் கேட்கிற குரல் இல்லை அது. வறண்டிருந்தது.

"எனக்குத்தாங்க ஐயா. வயித்துல புள்ள இருக்கு. பத்து மணிக்கு மயக்கம் வருது. எனக்குத்தான், வேற யாருக்கும் இல்ல. காளியம்மா மேல ஆணை."

அவர் அதை இங்கிலீசில் சொன்னார். ஒப்பீசர் சிரித்துவிட்டு லாரியைக் கையால் காட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் போன வாரம் ஒருத்தி இதே பதிலைச் சொல்லி, இதே லாரியில் ஏறிப் போயிருந்தாள். திரும்பி வரவில்லை.

"நம்பேல்லை" என்றார் கிராணியார்.

"நீங்க சொல்லுங்க ஐயா. என்னைய உங்களுக்குத் தெரியுமில்ல!"

அவர் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அந்தக் கிழங்கை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ, இந்த நேரத்தில் 'அந்த எனக்கு எண்டுறது ஆர்' என்று கேட்கப் போகிறாரே, நான் கெட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டு, ஒப்பீசரிடம் திரும்பி, நிறுத்தி நிதானமாக நாலைந்து வார்த்தை சொன்னார். சொல்லும்போது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஒப்பீசர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஏதோ அதட்டிக் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். ஒப்பீசர் இலையோடு கிழங்கை எடுத்து இவர் கையில் வைத்தார்.

பக்கத்தில் நின்ற மலாய்க்கார மாத்தா எனக்கு மெதுவாக மலாயில் சொன்னான்: "கிழங்கு அவருடையதாம். மத்தியானம் பால் நிறுக்கிற ஸ்டோருக்குச் சாப்பிடக் கொண்டுவரச் சொல்லி உன்னிடம் கொடுத்தாராம். அப்படியானால் இங்கேயே தின்று காட்டிவிட்டு லாரியில் ஏறு என்று அவரிடம் சொல்கிறார் ஒப்பீசர்."

ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருசம் கிழங்கையே தின்று உயிர் வைத்திருந்தவர் அவர். அதற்குப் பிறகு அதன் வாசம் வந்தாலே எழுந்து போய்விடுவார். வீடு கூட்டுகிற எனக்கு அது தெரியும். அந்த மனிதர் அத்தனை சனத்துக்கு முன்னால், விடிகிற நேரத்தில் நின்றுகொண்டு அதைத் தின்றார். முதல் துண்டு உள்ளே போவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெஞ்சில் தட்டிக்கொண்டார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. இரண்டாவது துண்டையும் தின்றார். இலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெரட்டு நோட்டையும் பென்சிலையும் மேற்பார்வைத் தண்டலிடம் கொடுத்துவிட்டு லாரியில் தானாக ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை வேலைக்குப் போகச் சொன்னார்கள். போனேன்.

ஒரு மாதத்துக்கு மேல் அவர் லாக்கப்பிலிருந்து வரவில்லை. பெரிய துரை போய்ப் பேசுகிறார் என்றார்கள். இங்கிலீசு தெரிந்தவர், அதனால் அடி விழாது என்றார்கள். எனக்கு என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேட்டது வேறு.

"ஏண்டி, கிராணியாரு இத்தன பேரு இருக்க ஒன்கிட்டயா சாப்பாடு கொண்டாரச் சொன்னாரு?"

"வீடு கூட்டறா-லா. கொஞ்சம் ஊட்டியும் விடுவா போல."

நான் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கேட்டில் நான் சொன்னது உண்மை, எனக்குத்தான் கிழங்கு. அவர் சொன்னது பொய். ஊரெல்லாம் பொய்யைத்தான் எடுத்துக்கொண்டது. என் புருசன் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவருக்கும் ஒனக்கும் என்னா?"

"அவரு 'நீர்'னு கூப்புடுவாரு. அதான் அவருக்கும் எனக்கும்" என்றேன்.

புருசன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நம்பினாரா இல்லையா என்று அவர் சாகும்வரை எனக்குத் தெரியவில்லை. காப்பாற்றியவர் மேல் எனக்கு நன்றி வரவேண்டும். கோபம்தான் வந்தது. கோபம் வருகிறதே என்று வெட்கமும் வந்தது. எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த ஒரு மாதமும் மரம் வெட்டினேன்.

அவர் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. பெரிய கிராணி வேலை போய்விட்டது. உம்பாய் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாக மாற்றிவிட்டார்கள். சாமான் கட்டிக்கொண்டிருந்தார். நான் கூட்டப் போனேன். புருசனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். துடைப்பத்தை எடுக்காமலே கேட்டேன்.

"ஏங்கய்யா பொய் சொன்னீங்க? நான் உண்மையத்தான சொன்னேன்?"

"ஓம். நீர் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்."

"இருபது வருசமா உண்மையத் தேடுறேன்னீங்களே?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "அதைத்தான் அங்கை இருந்து யோசிச்சனான் பிள்ளை. பொய் சொன்னது ஆர் எண்டு பாத்தன். உம்மிலை இரங்கினவனோ? உம்மை லாரியிலை ஏத்திறதைப் பாக்கப் பயந்தவனோ? நல்லவன் எண்டு பேரெடுக்க நினைச்சவனோ? எல்லாரும் இருந்தாங்கள். ஆனா நீர் 'எனக்குத்தான்' எண்டு சொன்ன அந்த நேரம், உமக்கும் எனக்கும் நடுவிலை ஒரு கோடு இருக்கவேணுமே எண்டு தேடினன். காணேல்லை. அது உண்மையிலையே இல்லாமல் போனதோ, பயத்திலை எனக்குத் தெரியாமல் போனதோ, அதுதான் தெரியேல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகம் மட்டும் விளங்கியது. காய்ச்சலில்கூட அந்த முகம் அப்படித் தவித்ததில்லை. பெட்டிக்குள்ளிருந்து பச்சை அட்டை நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை விரித்தார். நடுவில் அந்த வாழையிலை காய்ந்துபோய் இருந்தது. மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது.

"ஒண்டு கேக்கிறன். இனி ஆரிட்டையும் கேக்கமாட்டன் எண்டு சொன்னனான். இது கடைசி." அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். "அண்டைக்கு நான் கிழங்கு திண்ட பிறகு, மரத்தடியிலை, உமக்குப் பசிச்சதோ?"

நான் துடைப்பத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நாளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு என் நிரையில் ஒரு மரம் விடாமல் வெட்டினேன். பத்து மணி வந்தது, போனது. கண் இருட்டவில்லை. கை நடுங்கவில்லை. பாலெடுத்து, இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தேன். வயிறு நிறைந்தவள் போல நடந்தேன். வீட்டுக்கு வந்தும் விளக்கு வைக்கிற வரைக்கும் உலை வைக்கத் தோன்றவில்லை. பயத்தில் பசி கெட்டிருக்கும் என்று அப்போதே எனக்குள் சொல்லிக்கொண்டேன். பயந்தால் பசிக்காது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பயந்தால் கை நடுங்குமே, அது ஏன் நடுங்கவில்லை என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாயடிப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. புருசனுடைய சோற்றுத் தட்டு ஞாபகம் வந்தது. என் கிழங்கு போயிற்று, என் உண்மை போயிற்று, இப்போது என் பசியையுமா கேட்கிறார் இந்த மனிதர் என்று வந்தது. அப்புறம், இல்லை என்று சொன்னால் இவருக்கு என்ன ஆகுமோ, கண்ணாடி முன்னால் கத்தியோடு நின்றவராயிற்றே என்றும் வந்தது. இதில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

"பசிச்சதுங்க ஐயா. ரொம்பப் பசிச்சது" என்றேன்.

"ஓ" என்றார். "அப்ப சரி" என்றார். நோட்டில் ஏதோ ஒரு சின்ன வார்த்தை எழுதி மூடினார். "பாவம், பிள்ளைத்தாச்சி. பசிச்சிருக்கும்தானே" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் கூட்டிப் பெருக்கினேன். அவர் கயிற்றை எடுத்துப் பெட்டியைக் கட்டினார். அன்றைக்கு அவர் எதையும் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை மலாக்கா பஸ் ஸ்டேசனில் அவரைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு இருந்தேன். "இதுதானோ அண்டைக்கு உள்ளை இருந்த ஆள்?" என்று குழந்தையின் காலைத் தொட்டார். தலை வலிக்கிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உம்பாய் பஸ் வந்துவிட்டது.

அந்தக் குழந்தை வீட்டில்தான், கிளேபாங்கில், இப்போது இருக்கிறேன். எழுத்து பின்னால்தான் கற்றுக்கொண்டேன். கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். அவர் எந்த வருசம் இறந்தார், அந்த நோட்டு என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் அவர் எழுதியது என் பொய்யை. அதை மாற்றி எழுத வேறு இடம் இல்லாததால் இதில் எழுதுகிறேன்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் எனக்குப் பசிக்கவில்லை, ஐயா.